அட்டையில் ஓட்டை, சீட்டில் கோடு

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு மூன்று மாதம் ஆகிறது. "காஞ்சிபுரம் இருக்கணும், இன்ஜினீயரிங் இருக்கணும், இப்பப் படிக்கிற பசங்களுக்கும் புரியணும்" என்று மூன்று நிபந்தனைகள். கோயில்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர். கோயில் இட்லியைப் பற்றி எழுதினால் படிப்பவர்களுக்குப் பசிக்கும். எனவே என் பிழைப்பைப் பற்றியே எழுதிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் கிடங்குகளுக்கு ஸ்கேனர் அமைத்துத் தருகிற ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலை வரை பார்கோடு முகத்தில்தான் விழிக்கிறேன்.

"பார்கோடுக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. சம்பந்தம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அதை நானே எடைக்குப் போட்டேன்.

2008ஆம் வருடம். நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் வாங்கக் கடன் கிடைத்துவிட்டது, வைக்கத்தான் இடம் இல்லை. பரணைக் காலி செய்தால் கீழே இருக்கிற சாமான்களை மேலே ஏற்றலாம் என்று கணக்குப் போட்டேன். பரண் முழுக்கக் கட்டுக் கட்டாக அட்டைகள். நூலால் கோத்து, மடித்து, தூசி படிந்து கிடந்தன. அப்பா சங்கத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன்.

ஆயா திண்ணையிலிருந்து சத்தம் போட்டாள். "அத்த எதுக்குடா எறக்கற? உங்கப்பன் வரட்டும்."

"வெறும் ஓட்டை அட்டை ஆயா. பூச்சிதான் வருது."

அப்பா வந்தார். பரணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே செமஸ்டரில்தான் கம்ப்யூட்டர் வரலாறு என்று ஒரு பாடம் நடந்தது. ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர், துளை அட்டை, பாபேஜ், ஹோலரித் என்று பலகையில் வரிசையாக எழுதிப் போட்டார்கள். நானும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மார்க் வாங்கினேன். பலகையில் இருந்ததும் பரணில் இருந்ததும் ஒன்றுதான் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. படிப்பு வேறு, வீடு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

சரி, அந்த அட்டையில் என்னதான் இருந்தது?

தறியைப் பார்க்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. ஒவ்வொரு முறை ஊடை ஓடும்போதும் எந்தெந்தப் பாவு இழை மேலே தூக்கியிருக்கிறது, எது கீழே கிடக்கிறது என்பதுதான் டிசைன். மேலே அல்லது கீழே. மூன்றாவது நிலை கிடையாது. மயிலோ, மாங்காயோ, யாழியோ, கோபுரமோ, எல்லாம் இந்த ஆம், இல்லை என்ற இரண்டு வார்த்தைகளில் ஆயிரக்கணக்கான முறை சொல்லி முடிக்கிற சமாசாரம்.

இதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? என் தாத்தா அடையில் நெய்தவர். அடை என்பது கயிறுகளில் முன்கூட்டியே டிசைனைக் கட்டி வைக்கிற முறை. நெய்கிறவர் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து, வரிசை தப்பாமல் ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பையன் தூங்கி விழுந்தால் மயிலுக்குக் கழுத்து இருக்காது. 1979ல் அத்திவரதர் எழுந்தருளியபோது எங்கள் வீட்டில் அடை போய் ஜக்கார்டு வந்துவிட்டிருந்தது என்று ஆயா சொல்வாள். எங்கள் வீட்டில் காலக்கணக்கெல்லாம் அத்திவரதரை வைத்துத்தான்.

ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்காரும். அதற்குள் வரிசையாக ஊக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊசி. பெடலை மிதித்தால் ஒரு அட்டை வந்து ஊசிகளின் முகத்தில் மோதும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும். அதன் ஊக்கு மேலே போய், அதோடு கட்டிய பாவு இழையும் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். இழை கீழேயே கிடக்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு விடுதலை.

இது பிறந்ததும் ஒரு பட்டு ஊரில்தான். பிரான்சில் லியோன் நகரம். அங்கேயும் தறிக்குப் பக்கத்தில் கயிறு இழுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். பாசில் பூஷோன் என்பவர் 1725ல் துளையிட்ட காகிதச் சுருளை வைத்து முயன்றார். மூன்று வருடம் கழித்து ஃபால்கோன் காகிதத்தை விட்டு அட்டைக்கு வந்தார். 1740களில் வோகான்சோன் அதைத் தானாக ஓடும்படி செய்ய முயன்றார். இவர்கள் எல்லோருடைய வேலையையும் சேர்த்து 1804ல் ஒழுங்காக ஓடுகிற எந்திரமாக்கியவர் ஜோசப் மரி ஜக்கார்டு. பேர் அவருக்குப் போனது. எந்தப் பிராஜெக்டிலும் கடைசியாக வந்து சேர்கிறவர் பேர்தான் அட்டையில் வரும், அன்றைக்கும் அப்படித்தான்.

லண்டனில் சார்லஸ் பாபேஜ் 1830களில் ஒரு பெரிய கணக்கு எந்திரத்துக்குத் திட்டம் போட்டபோது, அதற்கு உத்தரவு கொடுக்க இந்தத் தறி அட்டையையே எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதை நெய்ய 24,000 அட்டைகள் ஆயின. பாபேஜின் எந்திரம் முழுதாக முடியவே இல்லை. ஆனால் அட்டை விடவில்லை. 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹோலரித் துளை அட்டையில் செய்து காட்டினார். ரயிலில் டிக்கெட்டைத் துளை போட்டுக் கொடுப்பதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வலுத்ததாம். அவருடைய கம்பெனி பிற்பாடு மற்றவற்றோடு சேர்ந்து ஐபிஎம் ஆயிற்று. சென்னை ஐஐடிக்கு 1973ல் ஐபிஎம் 370 வந்தபோதும் மாணவர்கள் 80 பத்தி அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டுதான் வரிசையில் நின்றார்கள். கட்டு கீழே விழுந்து வரிசை கலைந்து அழுத கதையை நம் மூத்த பேராசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருப்பார்.

இனி கடைக்கு வருவோம். 1932ல் ஹார்வர்டில் படித்த வாலஸ் ஃபிளின்ட் என்ற மாணவர், மளிகைக் கடையையே துளை அட்டையில் நடத்தலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். வாடிக்கையாளர் வேண்டிய சரக்குக்கு அட்டை எடுத்துக் கொடுப்பார். எந்திரம் படித்து, சரக்கைக் கொண்டுவந்து, பில்லும் போட்டுவிடும். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். அவ்வளவு காசு போட யாரும் இல்லை.

1948ல் பிலடெல்பியாவில் டிரெக்சல் கல்லூரிக்கு ஒரு மளிகைச் சங்கிலிக் கடையின் தலைவர் வந்தார். கல்லாவில் சரக்கு விவரத்தைத் தானாகப் படிக்க ஏதாவது வழி கண்டுபிடித்துத் தரும்படி டீனிடம் கேட்டார். டீன் முடியாது என்று அனுப்பிவிட்டார். அந்தப் பேச்சு அங்கே இருந்த பெர்னார்ட் சில்வர் என்ற பட்டப்படிப்பு மாணவர் காதில் விழுந்தது. (பேரிலேயே வெள்ளி. நம்மூராக இருந்தால் ஜரிகை வியாபாரம் செய்திருப்பார்.) அவர் தன் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் படிப்பை விட்டுவிட்டு, மயாமி கடற்கரையில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தார். சாரணர் படையில் சின்ன வயதில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகள் மட்டும்தான் அவருக்குத் தெரிந்த சங்கேதம். மணலில் புள்ளியும் கோடும் வைத்தார். அப்புறம் விரல்களை மணலில் பதித்துத் தன் பக்கமாக இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாக நீண்டது, கோடு தடித்த பட்டையாக நீண்டது. நம் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் வாசலில் செய்கிற அதே வேலை: புள்ளி வைத்துக் கோடு இழுப்பது.

இருவரும் 1949 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1952 அக்டோபரில் வாங்கினார்கள். அதில் நேர்க்கோடும் உண்டு, வட்டத்துக்குள் வட்டமும் உண்டு. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் படிக்கலாம் என்பதால் வட்டம்தான் அவர்களுக்குப் பிடித்தது. படிக்கத்தான் கருவி இல்லை. 500 வாட் பல்பை வைத்துச் செய்து பார்த்தார்கள், காகிதம் புகைந்தது. லேசர் வர 1960 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சில்வர் 1963ல், 38 வயதில் இறந்துபோனார். தான் கேட்ட பேச்சு என்ன ஆயிற்று என்று அவர் பார்க்கவே இல்லை.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மளிகைத் தொழில்காரர்கள் ஒன்றுகூடி, எல்லோருக்கும் ஒரே குறி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஒரு பெரிய கம்பெனி வட்டத்தைக் கொண்டுவந்தது. ஐபிஎம்மில் ஜார்ஜ் லாரர் நேர்க்கோட்டைக் கொண்டுவந்தார். லாரர் வென்றதற்குக் காரணம் அச்சாபீசில் இருந்தது. அச்சு எந்திரம் வேகமாக ஓடும்போது மை ஓடும் திசையில் கொஞ்சம் இழுபடும். வட்டமாக இருந்தால் ஒரு பக்கம் தடித்துப்போய்ப் படிக்க முடியாமல் ஆகிவிடும். நேர்க்கோட்டை அச்சு ஓடும் திசையிலேயே வைத்தால், மை இழுபட்டாலும் கோடு கொஞ்சம் உயரமாகும், அவ்வளவுதான். அகலம் மாறாது, விவரம் கெடாது. லாரரின் யுபிசி 1973 ஏப்ரல் 3 அன்று தேர்வாயிற்று. 1974 ஜூன் 26 காலை ஓஹையோ மாநிலம் டிராய் ஊரில் ஒரு கடையில் முதன்முதலாக ஸ்கேனரில் போன சரக்கு, 67 சென்ட் விலையுள்ள ஒரு ரிக்ளி சூயிங்கம் கட்டு.

இனி அந்தக் கோடுகளுக்குள் போவோம். மாணவத் தம்பிகள் பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்துக்கொண்டு படிக்கவும்.

பாக்கெட்டில் இருப்பது 13 இலக்க ஈஏஎன். 1977ல் ஐரோப்பாவில் யுபிசியை நீட்டி வந்தது. மொத்த அகலத்தையும் 95 சம பங்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பங்கும் கறுப்பு அல்லது வெள்ளை, அதாவது ஓட்டை உண்டு அல்லது இல்லை. இரண்டு ஓரத்திலும் காவல் கோடுகளுக்கு மூன்று மூன்று பங்கு, நடுவில் ஐந்து. மீதி 84. ஒரு இலக்கத்துக்கு 7 பங்கு வீதம் இடப்பக்கம் 6 இலக்கம், வலப்பக்கம் 6 இலக்கம். ஒவ்வொரு இலக்கமும் இரண்டு பட்டை, இரண்டு இடைவெளி. உதாரணமாக இடப்பக்கத்து பூஜ்யம் 0001101. வலப்பக்கத்தில் அதே பூஜ்யம் அப்படியே தலைகீழ் நிறத்தில் 1110010.

கூட்டிப் பார்த்தால் 12 இலக்கத்துக்குத்தானே இடம் இருக்கிறது? பதிமூன்றாவது எங்கே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். இடப்பக்கத்து இலக்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருவம் உண்டு. ஒன்றில் கறுப்புப் பங்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை, இன்னொன்றில் இரட்டைப்படை. ஆறு இடங்களில் எங்கே ஒற்றை, எங்கே இரட்டை என்ற வரிசையே முதல் இலக்கத்தைச் சொல்லிவிடும். நம் நாட்டில் பதிவான எண்கள் 890 என்று ஆரம்பிக்கும். அந்த 8க்கு வரிசை ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை. கோடே போடாமல் ஒரு இலக்கத்தை எழுதிவிட்டார்கள். முதல் இடம் எப்போதும் ஒற்றைதான். வலப்பக்கம் எல்லாம் இரட்டை. அதனால் பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினாலும் ஸ்கேனருக்குத் திசை தெரிந்துவிடுகிறது.

கடைசி இலக்கம் காவல்காரன். 890123456789 என்று 12 இலக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டை இடங்களில் இருப்பவை 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் காவல் இலக்கம். இங்கே 130 ஏற்கெனவே மடங்கு, எனவே 0. ஒரு இலக்கம் தப்பாகப் படித்தால் கணக்கு உதைக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் உதைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 இருந்தால் மட்டும் (1ம் 6ம் போல) ஏமாந்துவிடும். எந்தக் காவல்காரனுக்கும் ஒரு கண் அசரும் நேரம் உண்டு.

இந்த 890ஐப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. 890 இருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்று பலர் நம்புகிறார்கள். கிடையாது. 1996ல் தொடங்கிய ஈஏஎன் இந்தியா, இப்போதைய ஜிஎஸ்1 இந்தியா, எண் கொடுத்த கம்பெனி என்று மட்டும்தான் அர்த்தம். சரக்கு எங்கே செய்தது என்பதைக் கோடு சொல்லாது.

மற்ற வகைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். அட்டைப் பெட்டிகளில் வருவது இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5. ஒரு இலக்கத்தைப் பட்டையிலும் அடுத்ததை இடைவெளியிலும் நெய்து வைப்பது, கிட்டத்தட்ட பாவும் ஊடையும். எழுத்தும் வேண்டும் என்று 1974ல் வந்தது கோடு 39. ஒன்பது கூறுகளில் மூன்று தடிமன்; பழைய நூலக அட்டைகளில் நிறையப் பார்க்கலாம். அதையே நெருக்கி அடக்கியது 1981ல் வந்த கோடு 128. கூரியர்காரர்களுக்கு அது இல்லாமல் பொழுது விடியாது.

இவை எல்லாம் ஒரு வரி. பல வரிகளை அடுக்கிச் சதுரமாக்கியதுதான் நாம் இன்று பூக்கார அம்மாவின் கூடையில்கூடப் பார்க்கிற கியூஆர். 1994ல் ஜப்பானில் டென்சோவில் மசாஹிரோ ஹாரா குழுவினர் செய்தது. கார் பாகப் பெட்டி ஒன்றுக்குப் பல பார்கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்து ஆட்கள் அலுத்துப்போனார்கள். மதிய இடைவேளையில் கோ விளையாடும் பழக்கமுள்ள ஹாராவுக்கு, கட்டங்களில் வைத்த கறுப்பு வெள்ளைக் காய்கள் கண்ணில் பட்டன. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களை எந்தப் பக்கமாக வெட்டிப் பார்த்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சடித்த தாள்களைத் தேடித் தேடி ஆராய்ந்து, வேறு எதிலும் அபூர்வமாகவே வருகிற விகிதம் என்று அதைப் பொறுக்கி எடுத்தார்கள். 1960ல் ரீடு, சாலமன் என்ற இருவர் கொடுத்த கணிதத்தால், உச்சநிலையில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படித்துவிடலாம். கூடையில் தண்ணீர் தெளித்தாலும் காசு வந்து சேர்வது அதனால்தான்.

இவ்வளவு படித்த பிறகு, ஒரு நாள் ராத்திரி வேலை இல்லாமல் ஒரு கணக்குப் போட்டேன். 240 ஊக்கு ஜக்கார்டில் 600 அட்டை உள்ள ஒரு முந்தி டிசைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,44,000 ஓட்டை அல்லது ஓட்டை இன்மை. கம்ப்யூட்டர் மொழியில் 18,000 பைட். இருப்பதிலேயே பெரிய கியூஆர், 177க்கு 177 கட்டம் உள்ளது, 2,953 பைட்தான் கொள்ளும். எங்கள் பரணில் இருந்த ஒரே ஒரு முந்தியை அடக்க அப்படிப்பட்ட ஏழு கியூஆர் வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டின் பார்கோடோ, 40 பிட். ஒரே ஒரு அட்டையில் ஆறு பிஸ்கட் பாக்கெட் அடங்கும்.

அளவைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். தறி அட்டையில் இருப்பது சரக்கு. அந்த அட்டை இருந்தால், ஊரே மறந்துபோனாலும் அந்த மயிலைத் திரும்ப நெய்துவிடலாம். பார்கோடில் இருப்பது பெயர். அந்தப் பெயருக்கு உரியது என்ன, விலை என்ன என்பது வேறெங்கோ ஒரு பேரேட்டில் இருக்கிறது. பேரேடு பொய் சொன்னால் கோடும் பொய் சொல்லும். காவல் இலக்கம் கணக்குச் சரியா என்றுதான் பார்க்கும். சரக்குச் சரியா என்று பார்க்க அதற்குத் தெரியாது.

போன தையில் எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுத்தான். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எழுதமாட்டேன். வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தான். "மச்சான், சீட்டுல கியூஆர் இருக்குடா. ஸ்கேன் பண்ணா 'அசல் காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு'ன்னு வருது. ஒரு தடவ நீயும் பாத்துடு" என்றான். நான் போனை எடுத்தேன். வந்தது. எங்கே போய் வந்தது என்று பார்த்தால், அந்தக் கடையே தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு பக்கம். எந்த எண்ணும் இல்லை, எந்தப் பதிவேடும் இல்லை. அந்தச் சீட்டை நூறு நகல் எடுத்து நூறு புடவையில் தைத்தால் நூறும் அதையேதான் சொல்லும்.

அப்பா சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவையின் உள்பக்கத்தைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் நீவினார். "கோர்வை இல்லப்பா" என்றார். அசல் கோர்வையில் மூன்று நாடா ஓடும். உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் கைகோத்துக்கொண்டு திரும்பும். உள்பக்கம் தடவினால் அந்தக் கைகோப்பு விரலில் தட்டும். இதை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். விசைத்தறியில் எளிதில் வராது. பிறகு முந்தி ஓரத்தில் ஒரு ஜரிகையை நகத்தால் சுரண்டினார். நம்மூர் ஜரிகை, சிவப்புச் சாயம் போட்ட பட்டு இழைமேல் வெள்ளியைச் சுற்றி, தங்க முலாம் போட்டது. சுரண்டினால் சிவப்புத் தெரியணும். வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

கோர்வை இல்லாமலும் காஞ்சிபுரத்தில் நல்ல கைத்தறிப் புடவை நெய்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கோர்வை என்று விலை போட்டு, இதைக் கொடுத்திருந்தார்கள். நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. புடவை முகூர்த்தத்துக்கு.

முறையான சீட்டுகள் இல்லாமல் இல்லை. சில்க் மார்க் 2004ல் வந்தது. ஹோலோகிராமும் வரிசை எண்ணும் உண்டு. அது உத்தரவாதம் தருவது சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும். விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறியா என்பதற்குக் கைத்தறி முத்திரை, 2006ல் வந்தது. காஞ்சிபுரம்தானா என்பதற்குப் புவிசார் குறியீடு, நம் பட்டுக்கு 2005-06ல் பதிவாயிற்று. மூன்று கேள்விக்கு மூன்று விடை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூன்றையும் பார்த்ததாக நினைத்துக்கொள்வதில்தான் ஏமாற்று நடக்கிறது. நெய்தது யார் என்ற நான்காவது கேள்வியைச் சீட்டைப் பார்க்கிறவர்கள் கேட்பதே இல்லை. பதின்மூன்று இலக்கத்தில் எதையும் எழுதலாம். என் அப்பா பேருக்கும் ஒரு எண் கொடுத்திருக்கலாம். என் வேலையே அதுதான், எனக்குத் தெரியும், அதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் கிடையாது.

இப்போது மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வரைந்து பென் டிரைவில் கொண்டுபோய்ச் செருகினால் போதும். அட்டை குத்துகிறவர்களின் பிழைப்பு சுருங்கிவிட்டது. பழைய அட்டைகள் எத்தனை வீட்டுப் பரணிலிருந்து எடைக்குப் போயிருக்கும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஒரு வீட்டுக் கணக்கு மட்டும் எனக்குத் தெரியும்.

ஆயா போன வருடம் தவறிவிட்டாள். அவள் அரிசி டிரம்மை நகர்த்தும்போது, ஆட்டம் நிற்க அடியில் ஏதோ மடித்துச் சொருகியிருந்தது தெரிந்தது. எடுத்தால், அட்டை. 32 அட்டைகள், கோத்த நூல் அறாமல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அப்பா பென்சிலில் போட்ட எண், 1 முதல் 32 வரை. அன்றைக்குப் பேப்பர்காரர் தூக்கிக்கொண்டு போன கட்டிலிருந்து ஆயா எப்போது உருவினாள், டிரம்முக்காக உருவினாளா, வேறு எதற்காகவா என்று இனிமேல் கேட்க முடியாது.

ஒவ்வொரு அட்டையையும் போட்டோ எடுத்தேன். ஓட்டை இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நம் கல்லூரி லேபில் எழுதியதைவிடச் சுலபம். 32 வரி கிராப் தாளில் அச்சாகி வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது இருதலைப் பட்சி. உங்க அத்தை கல்யாணப் பொடவைக்குக் குத்தினது. கால் வரைக்கும்தான் இருக்கு."

"மொத்தம் எத்தன அட்டைப்பா?"

"இருநூத்திச் சொச்சம்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 33வது வரியில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். நாலு வரி மடமடவென்று வந்தது. ஐந்தாவதில் நின்றார். "எறக்க திரும்பற எடம். மூணு ஊக்கா நாலான்னு ஞாபகம் இல்ல" என்றார். மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே கூப்பிட்டு, "நாலு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊருக்குப் போகும்போது உட்காருகிறோம். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும்போது 61வது வரியில் இருக்கிறோம்.